ஊருக்குப் படிக்கப் போன மகள்

லாத்தாவுக்கு ஊரில் மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள் என்று தெரிந்த அன்று அவள் சாப்பிடவில்லை. அக்காவை நாங்கள் லாத்தா என்போம். நாங்கள் இரண்டு பேருமே தாராவியில் பிறந்து வளர்ந்தவர்கள். ஊர் என்பது எங்களுக்குப் பள்ளி விடுமுறையில் ரயிலேறிப் போய்விட்டு வருகிற இடம். தென்காசிக்குப் பக்கத்தில், சொல்லாமல் கொள்ளாமல் மின்சாரம் போய்விடுகிற, பேருந்துக்கு வெகுநேரம் காத்து நிற்க வேண்டிய, நல்ல ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு பகலே கழிந்துவிடுகிற இடம். அங்கே போய் ஆயுசுக்கும் இருக்கச் சொல்கிறார்களே என்று அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து அழுதாள். உம்மா அவளைத் தேற்றவில்லை. பக்கத்தில் நின்ற என்னைக் காட்டி, "இவளையாவது பம்பாய்லயே குடுத்துரணும்" என்று வாப்பாவிடம் சொன்னாள். அப்போது எனக்குப் பதினோரு வயது இருக்கும். எனக்கு ஏதோ பரிசு கிடைத்த மாதிரி இருந்தது.

உம்மா சொன்னபடியே நடந்தது. நான் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்து, பிறகு மாட்டுங்காவில் பி.காம். முடித்தேன். தாராவியிலேயே தோல் பை தைக்கிற கார்கானா ஒன்றில் கட்டிங் மாஸ்டராக இருந்தவருக்கு என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். செம்பூரில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிற வேலையும் கிடைத்தது. ஊரில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பம்பாய்க்காரி என்று எனக்கு முன்வரிசையில் நாற்காலி போடுவார்கள். நாங்களும் அந்த நாற்காலிக்குத் தகுந்த மாதிரி நடந்துகொள்வோம். பம்பாய்க்காரர்கள் ஊருக்குப் போவதற்கென்று ஒரு முறை இருக்கிறது. வாசனை சோப்பு, பாதாம் முந்திரி, பிள்ளைகளுக்குப் புதுத்துணி என்று ஒரு பெட்டி நிறையக் கொண்டுபோக வேண்டும். எங்கே இருக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் "மாட்டுங்கா பக்கம்" என்று சொல்ல வேண்டும். அது பொய்யும் இல்லை. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் மாட்டுங்கா, இந்தப் பக்கம் நாங்கள்.

எங்கள் வீடு வேறொரு கார்கானாவின் மேல்மாடி. சந்திலிருந்து இரும்பு ஏணி வழியாக ஏறி வர வேண்டும். ஒரே அறை. கீழே தோலும் பசையும் தையல் மெஷின்களும். பகலில் தரையில் கால் வைத்தால் மெஷின் ஓடுவது பாதத்தில் தெரியும். இதையெல்லாம் லாத்தாவிடம் நான் விவரித்ததில்லை. அவளும் இங்கே பிறந்தவள்தானே, அவளுக்குத் தெரியாததா என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் அவள் போன பிறகு நாங்கள் எல்லோரும் எங்கோ மேலே ஏறிவிட்டோம் என்று அவள் மனதில் இருந்தது. போனில் எதைப் பேசினாலும் கடைசியில், "ஒனக்கென்னளா, நீ பம்பாய்க்காரி" என்று முடிப்பாள்.

மகளுக்கு மூச்சிரைப்பு வந்தது மூன்று வயதில். முதலில் சளி என்று நினைத்தோம். பிறகு மழை என்றோம், பனி என்றோம். குறை சொல்வதற்குப் பருவம் எதுவும் மிச்சமில்லாமல் போன பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். முகத்தில் மூடியை வைத்து மருந்தைப் புகையாக உள்ளே விட்டார்கள். அவள் என் மடியில் உட்கார்ந்துகொண்டு மூடிக்கு மேலே கண்களை மட்டும் உருட்டி என்னைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் சட்டையைத் தூக்கி முதுகில் காதை வைத்துக் கேட்பேன். உள்ளே விசில் மாதிரி ஒரு சத்தம் இருக்கும். இல்லாத நாளில்கூட எனக்குக் கேட்கும். கீழே ஓடுகிற மெஷினா, அவள் நெஞ்சா என்று குழம்பிப்போய் என் கணவரைக் கூப்பிட்டு அவரையும் காதை வைக்கச் சொல்வேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் பெண் டாக்டர், நல்லவர், வீட்டுக்குக் கீழே என்ன வேலை நடக்கிறது, ஜன்னல் உண்டா என்றெல்லாம் விசாரித்துவிட்டு, வீட்டை மாற்ற முடியுமா என்று ஹிந்தியில் கேட்டார். மாத்திரையை மாற்றுவதைப் பற்றிக் கேட்கிற அதே குரலில் கேட்டார். பார்க்கிறோம் என்றேன். 

பார்க்கவும் செய்தோம். செம்பூரில் என் அலுவலகத்தைச் சுற்றியிருந்த தெருக்களில் பெரிய பெரிய மரங்கள் இருந்தன. அவற்றுக்குக் கீழே எங்களால் நினைத்துப் பார்க்க முடியாத வீடுகள் இருந்தன. சான்பாடாவில் என் கணவருடைய கூட்டாளி ஒரு வீடு காட்டினார். ஜன்னலைத் திறந்ததும் காற்று வந்தது. மகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நகரவே இல்லை. வாடகையைக் கேட்டோம், அவர் வீட்டில் டீ குடித்தோம், திரும்பி வந்தோம். எங்கள் கைக்கு எட்டியது கோவண்டியும் மான்குர்தும்தான். அங்கே குப்பைமேட்டுப் புகை. அதற்கு இந்தப் பசை வாடை தேவலை என்று தோன்றியது. அந்த நேரத்தில்தான் தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டப்போவதாகச் சந்து சந்தாக சர்வே நடந்து கதவுகளில் எண் எழுதிக்கொண்டிருந்தார்கள். கீழ்த்தளத்தில் இருப்பவர்களுக்கு இங்கேயே வீடு கிடைக்கும், மேல்மாடிக்காரர்களைத் தூரத்தில் எங்காவது கொண்டுபோய் வைப்பார்கள் என்று பேச்சு. எங்கே என்று கேட்டால் ஆளுக்கு ஒரு இடம் சொன்னார்கள். மான்குர்த் பெயர் அடிக்கடி வந்தது.

இதற்கிடையில் ஊர் மாறிவிட்டிருந்தது. லாத்தா வீடியோ காலில் வரும்போது அவளுக்குப் பின்னால் தெரிகிறவற்றைப் பார்த்துத்தான் எனக்கு அது புரிந்தது. முதலில் சமையலறைக்குள் குழாய். பிறகு டைல்ஸ் போட்ட குளியலறை. மச்சான், லாத்தாவின் கணவர், பெரிய வசதிக்காரர் இல்லை. பஸ் நிலையத்துக்கு எதிரே சின்னப் பழக்கடை வைத்திருக்கிறார். ஆனால் நடக்கிற தூரத்தில் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அவள் மகன் அரசுப் பள்ளியில் பன்னிரண்டு வரை படித்தான். பிறகு முஸ்லிம் பிள்ளைகளுக்கென்று அந்த மாநிலத்தில் இருக்கிற ஒதுக்கீட்டில் திருநெல்வேலியில் இன்ஜினியரிங் சேர்ந்துவிட்டான். அவனைவிட நல்ல மார்க் எடுத்த என் கொழுந்தன் இங்கே எங்கள் தரைக்குக் கீழே பைகளுக்குப் பசை தடவுகிறான். இரண்டு பேரும் ஒரே சமுதாயம், ஒரே ஊர்த் தெருவிலிருந்து கிளம்பிய குடும்பங்கள். அங்கே நாங்கள் பின்தங்கியவர்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இங்கே அப்படி யாரும் எழுதவில்லை. பின்தங்குவது மட்டும் நடக்கிறது.

மகள் மறுபடியும் ஆஸ்பத்திரியில் கிடந்து வந்த வாரத்தில் லாத்தா போன் செய்தாள். சுற்றி வளைத்துப் பேசவில்லை.

"ஏளா, பிள்ளைய எங்கிட்ட கொண்டாந்து விடு. ஜூன்ல ஒண்ணாப்பு சேத்துருவோம்."

"ஒனக்கு எதுக்கு லாத்தா சிரமம்."

"என்ன சிரமம்? காலைலயும் மத்தியானமும் பள்ளியொடத்துலயே சோறு போட்டுருதாவ. நா ராத்திரிக்குப் பொங்குனா போதும்." பிறகு சிரித்தாள். "பம்பாய்க்காரி மகளுக்கு எங்கூட்டுக் கஞ்சி எறங்குமான்னுதான் யோசிக்கேன்."

இதை அவரிடம் சொன்னேன். அவர் ஒரு தோல் துண்டைக் கையில் வைத்து மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க வாப்பா என்னைய அங்கேருந்து இங்க படிக்க வைக்கக் கூட்டியாந்தாவ" என்றார். "ஊர்ல வாத்தியாரே வர மாட்டாருன்னு. இப்ப நா எம் பிள்ளைய அங்க அனுப்பணும்." பிறகு, "டென்ஷன் எடுக்காத. ஒரு வருஷம் பாப்போம்" என்றார். அவர் சம்மதித்துவிட்டாரே என்று எனக்குக் கோபம் வந்தது. மறுத்திருந்தாலும் வந்திருக்கும்.

அலுவலகத்தில் எனக்கு அடுத்த நாற்காலியில் மாட்டுங்கா மாமி ஒருவர் இருக்கிறார். பாலக்காட்டுக் குடும்பம், அவருடைய தாத்தா காலத்திலேயே வந்து ரயில்வேயில் சேர்ந்தவர்கள். என்னிடம் அன்பாக இருப்பார். லீவு எதற்கு என்று கேட்டதால் சொன்னேன்.

"ஊருக்கா? எல்லாரும் ஊர்லேர்ந்து இங்க வருவா. நீ என்னடி தலைகீழா அனுப்பறே?"

"இங்க அவளுக்கு மூச்சு விட முடியலை மாமி."

"மாட்டுங்காவுல ஒண்ணும் இல்லையே. எங்காத்துல எல்லாரும் நன்னாத்தானே இருக்கோம்." சொன்ன பிறகு அவருக்கே ஏதோ புரிந்திருக்க வேண்டும். பேனாவை மூடிவைத்தார். "எம் புள்ளை கனடா போனப்போ நானும் அழுதேன். சமைக்கவே பிடிக்கலை. அப்பறம் பழகிடுத்து. உனக்கும் பழகிடும்."

ஆமாம் மாமி என்றேன். அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் இருப்பது சில தண்டவாளங்கள். அவருடைய மகன் பிரிந்து போனதை எல்லோரும் முன்னேற்றம் என்றார்கள், ஸ்வீட் கொடுத்தார்கள். என் மகள் போவதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. மற்றவர்களிடம் 'சும்மா லீவுக்கு' என்று சொல்லிவைத்தேன்.

கிளம்புவதற்கு முன் என் கணவர் மகளுக்கு ஒரு பள்ளிப் பை வெட்டித் தைத்தார். பெரிய கடைகளுக்குப் போகிற அதே தோல், சின்ன அளவில். உள்ளே தண்ணீர் பாட்டிலுக்கு ஒரு அறை, மூச்சிரைத்தால் வாயில் வைத்து இழுக்கிற மருந்துக் குழாய்க்கு ஒரு அறை. மருந்து அறைக்கு மட்டும் ஜிப்பை இரண்டு தடவை பிரித்துத் தைத்தார். குழந்தை அவசரத்தில் இழுத்தால் சிக்கக் கூடாது என்றார். தாதரில் எங்களை ரயிலேற்றிவிட்டு, வண்டி நகர்கிற வரை மகளிடம் அந்த ஜிப்பைத் திறந்து மூடிக் காட்டச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஊரில் சாரல் தொடங்கியிருந்தது. மலைப் பக்கமிருந்து ஈரக் காற்று வந்தது. இந்தக் குளிர் அவளுக்கு ஆகாது, தப்பு செய்துவிட்டோம் என்று நான் முதல் நாளே லாத்தாவிடம் புலம்ப ஆரம்பித்தேன். "இது காத்துளா, புகையில்ல" என்றாள் லாத்தா. பிறகு அவளே பிள்ளைக்குக் காதை மறைத்துத் துணி கட்டிவிட்டாள்.

நான் கிளம்புகிற நாளில், மகள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நைசாகப் போய்விடலாமா என்று லாத்தாவிடம் கேட்டேன். எங்கள் பக்கம் அப்படித்தான் செய்வார்கள்.

"அப்படிப் போகப்படாது. சொல்லிட்டுப் போ. அழட்டும். பரவால்ல."

சொன்னேன். மகள் அழவில்லை. எத்தனை நாள் என்று ஹிந்தியில் கேட்டாள்.  லீவு வரும்போது என்றேன். "அச்சா" என்று சொல்லிவிட்டு லாத்தாவின் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

அவள் ஹிந்தியில் கேட்டதற்குக் காரணம் நாங்கள்தான். எங்கள் சந்தில் நிறைய வீடுகளில் அப்படித்தான். பிள்ளை வெளியே போய்த் திணறக் கூடாது, மதராசி என்று யாரும் சொல்லக் கூடாது என்று வீட்டிலேயே ஹிந்தியில் பேசிப் பழக்குவோம். தமிழ் தானாக வந்துவிடும் என்று ஒரு நினைப்பு. அவளுக்குத் தமிழ் புரியும், பதில் மட்டும் ஹிந்தியில் வரும். அது ஊரில் என்ன ஆகும் என்று நாங்கள் இரண்டு பேரும் யோசிக்கவே இல்லை.

பள்ளி தொடங்கிய வாரத்தில் லாத்தா போனில் சொன்னாள்: "ஒங்க சங்கதியக் கேட்டியா? டீச்சர் என்னைய வரச்சொல்லி, இவ வாப்பா எந்த மரமில்லுல வேல பாக்கான்னு கேக்காவ."

ஊருக்கு வெளியே மரம் அறுக்கிற மில்கள் இருக்கின்றன. பீகாரிலிருந்து வந்த ஆட்கள் குடும்பத்தோடு அங்கே தகரக் கொட்டகைகளில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரின் பெண் அதே வகுப்பில் இருந்தாள். என் மகள் வாயைத் திறந்ததும் டீச்சர் அவளை அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார். பிள்ளைகள் இரண்டு பேரையும் சேர்த்து 'ஹிந்திக்காரி' என்று கூப்பிட்டார்கள்.

"நா சொல்லிட்டேன்ல" என்றாள் லாத்தா. "இது எந்தங்கச்சி மக, பம்பாய்லேருந்து வந்துருக்கா, வடக்கத்திப் பிள்ள இல்லன்னு. டீச்சருக்கு வெக்கமாப் போச்சு." அவள் சிரித்தாள். நானும் சிரிக்க வேண்டும் என்று எதிர்பார்த்தாள். மகளை இடம் மாற்றிவிட்டார்களா என்று கேட்டேன். மாற்றினார்களாம். இவள் மறுநாளே பழைய இடத்துக்கு எழுந்து போய்விட்டாளாம்.

தோல் பையையும் அவள் கொண்டுபோகவில்லை. அங்கே எல்லோருக்கும் பள்ளியிலேயே பை கொடுக்கிறார்கள். எல்லோருடையதும் போல இருப்பதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. மருந்துக் குழாயை லாத்தா ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கொடுத்தனுப்பினாள். அவரிடம் நான் இதைச் சொல்லவில்லை. அவர் போனில் "ஜிப் ஒழுங்கா வேல செய்யுதா?" என்று கேட்டபோது, மகள் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு "ம்" என்றாள்.

மழைக்காலம் போனது. அலுவலகத்திலிருந்து வந்து ஏணி ஏறினால் அறை பெரிதாகத் தெரிந்தது. அவள் பொருட்கள் இல்லாததால் நடக்க இடம் இருந்தது, அது எனக்குப் பிடிக்கவில்லை. தினமும் சாயங்காலம் போன். முதலில் அவள் நிறையப் பேசினாள். பிறகு பாதியில் போனை வைத்துவிட்டு விளையாட ஓடினாள். அவளுடைய ஹிந்தியில் தமிழ் கலந்தது, பிறகு தமிழில் ஹிந்தி கலந்தது. அதுவரை என்னை அம்மி என்று கூப்பிட்டவள் ஒருநாள் உம்மா என்றாள். ஆசையாகத்தான் இருந்தது. அன்று முழுக்க வேலையில் மனம் ஓடவில்லை.

டிசம்பர் அரையாண்டு விடுமுறைக்கு டிக்கெட் எடுக்கும்போது அவரிடம் கேட்காமலே திரும்பி வருவதற்கு இரண்டு டிக்கெட் எடுத்தேன். எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று.

"மூச்சு?" என்று கேட்டார்.

"இப்பத்தான் நல்லாயிருக்காள்ல."

"அங்க இருக்கதுனால நல்லாயிருக்கா."  வீட்டு ஜன்னலுக்கு வெளியே புகைமூட்டத்தில் எதிர் மாடி தெரியவில்லை. பம்பாயில் அந்த மாதம் காற்று அப்படித்தான் இருக்கும். இரண்டு பேரும் அதைப் பார்த்தோம்.

நான் ஊர் போய்ச் சேர்ந்தது விடுமுறைக்கு முந்தைய நாள். லாத்தாவோடு பள்ளி வாசலில் நின்றேன். மணி அடித்ததும் பிள்ளைகள் வெளியே வந்தார்கள். மகள் என்னைத் தூரத்தில் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். அந்தத் தெரு நீளமானது.  மெதுவா, மெதுவா என்று கையைக் காட்டினேன். வந்து என் மேல் மோதிக்கொண்டதும் அங்கேயே குனிந்து அவள் முதுகில் காதை வைத்தேன். சட்டையில் சாம்பார் வாசனை. உள்ளே மூச்சு வந்தது, போனது. வேறு எந்தச் சத்தமும் இல்லை. இன்னும் கொஞ்சம் அழுத்திக் கேட்டேன். எதுவும் இல்லை.

"உம்மா, விடுங்க. எல்லாரும் பாக்காவ" என்றாள்.

அவளுடைய சிநேகிதியின் அம்மாவும் அங்கே வந்திருந்தாள். மரமில் கொட்டகையில் இருப்பவள், என் வயதுதான் இருக்கும். நான் ஹிந்தியில் பேசியதும் அவள் முகமே மாறிவிட்டது. எத்தனை நாள் பேச்சை அடக்கி வைத்திருந்தாளோ, நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னாள். அவள் ஊரில் பள்ளிக்கூடக் கட்டடம் உண்டு, ஆனால் டீச்சர் வருவதில்லை. இங்கே வருகிறார்கள், சாப்பாடும் போடுகிறார்கள். மொழிதான் வரவில்லை, உன் பெண் என் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுக்கிறாள் என்றாள். நான் பம்பாய் என்றதும் நம்பவில்லை. தன் கணவன் இங்கிருந்து பம்பாய் போகத் துடிக்கிறான் என்றாள்.

பிறகு கேட்டாள், வேறு எந்த நோக்கமும் இல்லாமல்: "நீ அங்கே, குழந்தை இங்கேயா? எப்படி இருக்கிறாய் நீ? நான் எங்கே போனாலும் இவளைத் தூக்கிக்கொண்டுதான் போவேன்."

லாத்தாவுக்கு ஹிந்தி மறக்கவில்லை. எல்லாம் புரிந்தது. வீட்டுக்கு நடக்கும்போது, "இந்த வடக்கத்தியளுக்குப் பேசத் தெரியாது. மனசுல வச்சுக்கிடாத" என்றாள். பம்பாயில் எங்களைப் பற்றி மற்றவர்கள் இதே மாதிரி சொல்லிக் கேட்டிருக்கிறோம். அதை லாத்தாவுக்கு ஞாபகப்படுத்தவில்லை.

இரண்டாவது டிக்கெட் விஷயம் லாத்தாவுக்குத் தானாகவே தெரிந்துவிட்டது. நான் மகளின் துணிகளை என் பையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டாள். மகள் வெளியே விளையாடிக்கொண்டிருந்தாள்.

"கூட்டிட்டுப் போகவா வந்த?"

"தெரியல லாத்தா. டிக்கெட் எடுத்திருக்கேன்."

"கூட்டிட்டுப் போ. நா வேண்டாம்னா சொல்லப் போறேன்? ஒம் பிள்ள." காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே இருந்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். "என்னைய இங்க கொண்டாந்து தள்ளும்போது ஒருத்தரும் கேக்கல, ஒனக்குச் சம்மதமான்னு."

"அப்ப எனக்குப் பதினோரு வயசு, லாத்தா."

"ஒன்னயச் சொல்லலளா. நா இந்த ஊர எவ்வளவு ஏசியிருப்பேன். இப்ப பாரு, ஒம் மக இங்க ஓடுதா." மடித்த துணிகளை அடுக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்: "அவகிட்ட மட்டும் கேட்டுறாத. அந்தப் பாரத்த பிள்ள தலைல வைக்கப்படாது. ஒங்கூட வாரேன்னு சொல்லுவா, நீ கூட்டிட்டுப் போயிருவ, அங்க போயி மூச்சு முட்டிக் கெடப்பா. இங்கயே இருக்கேன்னு சொல்லிட்டான்னு வையி, அது ஒனக்குத் தாங்காது."

நான் கேட்கவில்லை. உண்மையில் கேட்பதற்காகத்தான் வந்திருந்தேன். அவளே வருகிறேன் என்று சொல்லிவிட்டால் என் பொறுப்பு கொஞ்சம் குறையும் என்று நினைத்திருந்தேன். லாத்தா அந்த வழியை அடைத்துவிட்டாள். அவருக்குப் போன் செய்தேன். கீழே இன்னொரு மெஷின் போட்டிருக்கிறார்கள் என்றார். அவர் பேசும்போது அந்தச் சத்தம் கேட்டது. "நீ எது செஞ்சாலும் எனக்குச் சரி" என்றார். அவர் ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட மாட்டாரா என்று போனை வைக்காமல் நின்றேன். அவரும் வைக்கவில்லை. இரண்டு பேரும் மெஷின் ஓடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

விடுமுறை முழுவதும் நான் அங்கே இருந்தேன். மகள் என்னோடு தூங்கினாள், என் கையால் சாப்பிட்டாள், என்னைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போய் ஒவ்வொரு கடையாகக் காட்டினாள். எனக்கு அந்த ஊர் தெரியாது என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள்கூட இருமவில்லை. நான் தூக்கம் விழித்துக் காத்திருந்ததும் உண்டு. இருமினால் இங்கேயும் அப்படித்தான் என்று சொல்லிக் கூட்டிப்போய்விடலாம். ஒரு தாய் அப்படிக் காத்திருப்பாளா என்று இப்போதும் எனக்குக் கேள்வி வருகிறது.

கிளம்புகிற காலையில் அவளுடைய துணிகளை என் பையிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்தேன். மறுபடி எடுத்துப் பையில் வைத்தேன். லாத்தா பார்த்தும் பார்க்காத மாதிரி தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் அவை அலமாரிக்கே போயின. இரண்டாவது டிக்கெட்டை ரத்து செய்ய மட்டும் கை வரவில்லை. ஸ்டேஷன் போகிற வரை நேரம் இருக்கிறதே என்று வைத்துக்கொண்டேன்.

தென்காசி போகும் பஸ்ஸுக்கு லாத்தாவும் மகளும் வந்தார்கள். மகளுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. உம்மா வேலைக்குப் போகிறாள், பள்ளி லீவு விட்டால் மறுபடி வருவாள், அவ்வளவுதான். ஏறும்போது என் பையைத் தூக்கிக் கொடுத்தாள். "போயிட்டு வாங்கும்மா" என்றாள். பம்பாயில் என்னை அவள் மரியாதை கொடுத்துக் கூப்பிட்டதில்லை. பஸ் திரும்புகிற வரை பார்த்தேன். லாத்தா அவள் தோளில் கையை வைத்திருந்தாள். அவர்கள் பஸ்ஸுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நடந்தபோது மகள் ஏதோ சொல்ல லாத்தா குனிந்து கேட்டாள்.

தென்காசியில் பஸ் மாறித் திருநெல்வேலி வந்து மத்தியானம் ரயிலேறினேன். எனக்குக் கீழ் பெர்த், அவளுக்கு நடு பெர்த். ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கோவில்பட்டி தாண்டியதும் டிக்கெட் பரிசோதகர் வந்தார். கையிலிருந்த மெஷினைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"உங்ககூட ஒரு சின்னப் பொண்ணு, ஆறு வயசு. எங்கம்மா? பாத்ரூம் போயிருக்கா?"

"இல்ல சார்."

"ஏறலையா?"

"வரல."

"அடுத்த ஸ்டேஷன்ல ஏறுவாங்களா?"

"இல்ல. அவ வரல. அங்கயே இருக்கா."

அதுவரை யாரிடமும் நான் இப்படிச் சொன்னதில்லை. சும்மா லீவுக்கு, ஒரு வருஷம் பார்ப்போம், இந்தத் தடவை கூட்டி வந்துவிடுவேன் என்றெல்லாம்தான் சொல்லியிருந்தேன். அவர் மெஷினில் எதையோ அழுத்தினார்.

"அப்ப பெர்த்த ஆர்.ஏ.சி.க்குக் குடுத்துடலாமா? ஒரு அம்மா கதவுப் பக்கம் உக்காந்திருக்காங்க."

"குடுத்துருங்க."

அந்த அம்மா ஒரு பெரிய பையோடு வந்தார். முழங்கால் வலி போலிருக்கிறது, நடு பெர்த்தை அண்ணாந்து பார்த்துத் தயங்கி நின்றார். நீங்கள் கீழே படுத்துக்கொள்ளுங்கள், நான் மேலே போகிறேன் என்றேன். அவர் நன்றி சொல்லிவிட்டு விரிப்பை எடுத்து உதறினார். அதை விரிக்க இடம் விட்டு எழுந்து நின்றேன்.